எந்த வழியா வந்தீங்க? எண்ணாமல் எண்ணப் பழகுகிறவர்களுக்கு

செங்கோட்டையில் மாலை நேரத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், டிஎன்பிஎஸ்சி எழுதப்போகும் சில பெரியவர்களுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சேர்ப்பியல் பாடம், அதாவது ஒரு காரியம் எத்தனை விதமாக நடக்கலாம் என்று எண்ணும் கணக்கு, வந்துவிட்டால் இரண்டு கூட்டமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "சார், இது பெர்முட்டேஷனா, காம்பினேஷனா?" கணக்கைப் பாதிகூடப் படித்திருக்க மாட்டார்கள். எந்த டப்பாவைத் திறப்பது என்பதுதான் கவலை.

அந்தக் கேள்வியை என் வகுப்பில் தடை செய்துவிட்டேன். அதற்குப் பதிலாக வேறொன்று வைத்திருக்கிறேன். கேரள எல்லையில் புளியரை செக்போஸ்டில் வண்டியை ஓரங்கட்டிக் கேட்பார்களே, "எந்த வழியா வந்தீங்க?" என்று, அதுதான். எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். பேனாவும் பழைய நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும். வாசித்துக்கொண்டே போனால் இது கைக்கு வராது.

சூத்திரத்துக்கு முன்னால் ஒரு பட்டியல்

ஆரியங்காவு தாண்டி ஒரு சின்னச் சாயாக்கடை என்று வைத்துக்கொள்வோம். காலையில் புட்டு, அப்பம் இரண்டே பலகாரம். புட்டுக்குக் கடலைக்கறி, பயறு, பழம் மூன்றில் ஒன்று. அப்பத்துக்குக் கடலைக்கறி, முட்டைக்கறி இரண்டில் ஒன்று. ஒருவர் எத்தனை விதமாகச் சாப்பிடலாம்?

அவசரக்காரர் "பலகாரம் 2, தொட்டுக்க 4, ஆக 8" என்பார். எழுதிப் பாருங்கள்:

புட்டு – கடலை
புட்டு – பயறு
புட்டு – பழம்
அப்பம் – கடலை
அப்பம் – முட்டை

ஐந்துதான். அவசரக்காரர் எண்ணிய மற்ற மூன்றும் (புட்டு முட்டை, அப்பம் பயறு, அப்பம் பழம்) அந்தக் கடையில் கிடையாது. இல்லாததை எண்ணுவது ஒரு தவறு, இருப்பதை விடுவது இன்னொன்று, இருப்பதையே இரண்டு தடவை எண்ணுவது மூன்றாவது. இந்தப் பாடத்தில் செய்யக்கூடிய தவறுகள் மொத்தமே இந்த மூன்றுதான். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

பட்டியல் எழுதும்போது தோன்றியபடி எழுதாதீர்கள். முதல் இடத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதோடு சேரக்கூடியதையெல்லாம் எழுதி முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். அகராதியில் சொல் வரிசைப்படுவதைப்போல. கணக்கில் 20 பேர் என்றிருந்தால் அதை 3 பேராகச் சுருக்கிப் பட்டியல் போடுங்கள். மூன்று பேருக்குச் சரியாக வராத வழி இருபது பேருக்கும் வராது.

கூட்டலும் பெருக்கலும்

செங்கோட்டையிலிருந்து புனலூர் போக வேண்டும். காலையில் உங்களுக்கு ஒத்துவரும் பஸ் 4, ரயில் 2 என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் போகலாம், அல்லது ரயிலில் போகலாம். ஒரே நேரத்தில் இரண்டிலும் போக முடியாது. ஆக 4 + 2 = 6. ஒன்றோடொன்று மோதாத வகைகளாகப் பிரிந்தால் கூட்டுவது. இது கூட்டல் விதி. இதில் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

பெருக்கல் விதி, ஒரு காரியம் கட்டம் கட்டமாக நடக்கும்போது வருவது. முதலில் தென்மலைக்கு 3 வழி, அங்கிருந்து புனலூருக்கு 2 வழி என்றால் 3 × 2 = 6. முதல் கட்டத்தின் ஒவ்வொரு வழிக்கும் இரண்டாம் கட்டத்தில் இரண்டிரண்டு கிளை விரிகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். முதல் கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டாம் கட்டத்தில் மிச்சமிருக்கும் வழிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும். சாயாக்கடையில் அது உடைந்தது: புட்டுக்கு 3, அப்பத்துக்கு 2. உடைந்தால் வகை பிரித்துக் கூட்ட வேண்டியதுதான், 3 + 2.

எண்ணிக்கைதான் மாறக்கூடாது, ஆட்கள் மாறலாம். எட்டுப் பேர் வகுப்பில் தலைவர் ஒருவர், துணைத்தலைவர் ஒருவர் வேண்டும். தலைவர் யாரென்பதைப் பொறுத்து மிச்சமிருக்கும் ஆட்கள் மாறுவார்கள். ஆனால் எப்போதும் 7 பேர் மிச்சம். எனவே 8 × 7 = 56. நல்ல மாணவர்கள்கூட இங்கே "சார், ரெண்டாவது மொதலாவதப் பொறுத்துல்ல இருக்கு, எப்படிப் பெருக்கலாம்?" என்று நிற்பதுண்டு. நின்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

"'அல்லது' வந்தால் கூட்டு, 'உம்' வந்தால் பெருக்கு" என்று சில கைடுகளில் போட்டிருக்கும். தமிழில் இதை நம்பினால் நடுத்தெருதான். "கடையில் 3 வகைப் புட்டும் 4 வகைத் தோசையும் உண்டு; ஏதேனும் ஒரு பலகாரம் வாங்க எத்தனை வழி?" இரண்டு 'உம்' இருக்கிறது, விடை 7. சொல்லைப் பார்க்காதீர்கள், செயலைப் பாருங்கள்: ஒன்றை எடுத்த பிறகு இன்னொன்றையும் எடுக்கிறீர்களா, இல்லையா?

கொஞ்சம் பெரிய எண்ணுக்குப் போவோம். எங்கள் ரோட்டில் டிஎன் 76 தென்காசி வண்டியும் கேஎல் 25 புனலூர் வண்டியும் மாறி மாறி ஓடும். மாநில எழுத்து, ஆர்டிஓ எண் இரண்டையும் விட்டால் மிச்சம் இரண்டு ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும். ஐ, ஓ இரண்டும் ஒன்று, சைபர் மாதிரித் தெரிவதால் விலக்கப்பட்டவை. ஓர் இடத்துக்கு 24 எழுத்து. எண் 0001 முதல் 9999 வரை. 24 × 24 × 9999 = 57,59,424. சில எழுத்துகள் அரசு வண்டிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும், அதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டே பெருக்கலில் ஐம்பத்தேழு லட்சம் வந்துவிட்டது. ஒன்றையும் எண்ணவில்லை.

செக்போஸ்ட் கேள்வி

இனி விஷயத்துக்கு வருவோம். கட்டம் கட்டமாக ஏதோ செய்து, பெருக்கி, ஓர் எண் வந்துவிட்டது. அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முடிந்துபோன விளைவு ஒன்றைக் கையில் எடுங்கள். ஒரு நம்பர் பிளேட்டோ, ஒரு குழுவோ, ஒரு சொல்லோ. அதை செக்போஸ்டில் நிறுத்தி, "எந்த வழியா வந்தீங்க?" என்று கேளுங்கள். அதாவது, நீங்கள் வகுத்த கட்டங்களில் என்னென்ன தேர்ந்தெடுத்தால் இந்த விளைவு கிடைத்திருக்கும்?

ஒரே ஒரு பதில்தான் என்றால் பெருக்கியது சரி, வண்டியை விடலாம்.

பதிலே இல்லை என்றால் அந்த விளைவை நீங்கள் எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள்.

எந்த விளைவை நிறுத்திக் கேட்டாலும் ஒரே எண்ணிக்கையில், உதாரணமாக எல்லாவற்றுக்கும் ஆறாறு, பதில் வந்தால் ஒவ்வொன்றையும் ஆறு தடவை எண்ணியிருக்கிறீர்கள். ஆறால் வகுத்துவிட்டால் தீர்ந்தது.

ஒன்றுக்கு ஒரு பதில், இன்னொன்றுக்கு மூன்று பதில் என்று ஆளுக்கொரு மாதிரி வந்தால்? வகுத்துச் சரிக்கட்ட முடியாது. அந்த முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு முறையில் தொடங்குங்கள்.

நம்பர் பிளேட்டுக்கு ஒரே பதில்: பார்த்தாலே முதல் எழுத்து என்ன, இரண்டாவது என்ன என்று தெரிகிறது. தலைவர், துணைத்தலைவர் கணக்கிலும் அப்படியே. இனி மற்ற கணக்குகளையும் இதே கேள்வியோடு பார்க்கலாம்.

வரிசையில் நிறுத்துவது

ஐந்து பேரைப் போட்டோவுக்கு வரிசையாக நிறுத்த முதல் இடத்துக்கு 5, அடுத்து 4, அப்படியே 5 × 4 × 3 × 2 × 1 = 120. இதைச் சுருக்கி 5! என்று எழுதுவோம். புத்தகத்தில் காரணீயப் பெருக்கம், வகுப்பில் ஃபாக்டோரியல். எட்டுப் பேர் ஓடும் பந்தயத்தில் முதல் மூன்று பரிசு எத்தனை விதமாகப் போகலாம்? 8 × 7 × 6 = 336. முழுவதும் கீழே இறங்காமல் மூன்று படியோடு நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். வரிசை மாற்றம், அதாவது பெர்முட்டேஷன், என்று தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்ய இதில் ஏதுமில்லை.

நம் நாட்டில் இது புதுச் சரக்குமல்ல. 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் இந்தக் கணக்கு இருக்கிறது: விஷ்ணுவின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை நான்கையும் மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை உருவம்? 4! = 24. பத்துக் கைச் சிவனுக்குப் பத்துப் பொருள் என்றால் 36,28,800. கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் 24 திருநாமங்களுக்கு உரிய சிலைகளை வேறுபடுத்துவது எந்தக் கையில் எது என்ற இந்த மாற்றம்தான். சிற்பிக்கு 24 பொருந்தியது. 36 லட்சத்தைச் செதுக்க யாராலும் ஆகாது. ஃபாக்டோரியல் எவ்வளவு வேகமாக வீங்கும் என்பதை உணர இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்பளமும் பப்படமும்

எல்லைக்கு இந்தப் பக்கம் அப்பளம், அந்தப் பக்கம் பப்படம். (இரண்டும் ஒன்றல்ல என்று சண்டைக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. கணக்குக்காகப் பொறுத்துக்கொள்ளட்டும்.) இந்தச் சொற்களின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தினால் எத்தனை விதம் வரும்? பொருள் இருக்க வேண்டியதில்லை.

அப்பளம்: அ, ப், ப, ள, ம். ஐந்தும் வேறு வேறு. தமிழில் ப் வேறு எழுத்து, ப வேறு எழுத்து என்பதை மறக்காதீர்கள். 5! = 120.

பப்படம்: ப, ப், ப, ட, ம். இதுவும் ஐந்து எழுத்துதான், ஆனால் ப இரண்டு தடவை இருக்கிறது. 120 என்று எழுதிவிட்டு, ஏதேனும் ஒரு வரிசையை, ட ப ம் ப ப் என்பதை, செக்போஸ்டில் நிறுத்துங்கள். எந்த வழியாக வந்தது? முதல் ப-வை இரண்டாம் இடத்திலும் மற்ற ப-வை நான்காம் இடத்திலும் வைத்து வந்திருக்கலாம். இடம் மாற்றி வைத்தும் வந்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. எந்த வரிசையைக் கேட்டாலும் இரண்டே பதில். எனவே 120 ÷ 2 = 60. அப்பளம் மலை ஏறி இறங்கும்போது பாதியாகிவிடுகிறது.

ஒரே எழுத்து மூன்று தடவை வந்தால் அவை தங்களுக்குள் 3! = 6 விதமாக இடம் மாறும், ஆறால் வகுக்க வேண்டும். இரண்டு எழுத்துகள் இரண்டிரண்டு தடவை வந்தால் 2 × 2 = 4-ஆல் வகுக்க வேண்டும். மூன்று தடவை என்றதும் மூன்றால் வகுப்பது வழக்கமான பிசகு. இடம் மாற்றி எழுதிப் பார்த்தால் ஆறு என்று தெரிந்துவிடும்.

இப்போது ஒரு கட்டுப்பாடு போடுவோம். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. அப்பளத்தின் 120 வரிசையில் மெய்யில் தொடங்காதவை எத்தனை? நேராக எண்ணுவதென்றால் முதல் இடத்துக்கு அ, ப, ள மூன்றில் ஒன்று, மீதி நான்கு இடத்துக்கு 4! = 24. ஆக 72. வேண்டாததை எண்ணிக் கழித்தும் பார்க்கலாம்: ப், ம் இரண்டில் ஒன்று முதலில் நின்றால் 2 × 24 = 48; 120 − 48 = 72. இரண்டு வழியில் ஒரே விடை வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பப்படத்துக்கு எத்தனை என்று நீங்களே செய்யுங்கள், விடை 36 வர வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கட்டுப்பாடு இருக்கும் இடத்தை முதலில் நிரப்புங்கள். மேலே முதல் இடத்தில்தான் கட்டுப்பாடு, அதனால் அங்கிருந்து தொடங்கினோம். கடைசி இடத்திலிருந்து தொடங்கினால், முதல் இடத்துக்கு வரும்போது அ, ப, ள-வில் எத்தனை மிச்சம் என்பது முன்னால் வைத்ததைப் பொறுத்து மாறும். பெருக்கல் விதியின் நிபந்தனை உடைந்துவிடும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுத்தான் வேண்டும் என்று அழும் பிள்ளையை முதலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை உட்காரச் சொல்வதில்லையா, அதே ஏற்பாடு.

வரிசை வேண்டாம், ஆள் போதும்

எட்டுப் பேரில் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு 336 விதம். அதே எட்டுப் பேரில் மூன்று பேரை வினாடி வினாப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்றால்? ஒரு குழுவை நிறுத்தி வழி கேளுங்கள். மூன்று பேரில் யாரை முதலில் எடுத்தோம், யாரை அடுத்து எடுத்தோம் என்பதற்கு 3! = 6 பதில், எந்தக் குழுவைக் கேட்டாலும் ஆறு. 336 ÷ 6 = 56. சேர்வு, காம்பினேஷன் என்று புத்தகம் சொல்வது இந்த வகுத்தலைத்தான். வரிசை மாற்றத்தை எழுதி, கணக்குக்குத் தேவையில்லாத வரிசையை வகுத்து எடுத்துவிடுவது.

கர்நாடக சங்கீதத்தின் 72 மேளகர்த்தாவை நான் எல்லாத் தொகுதிக்கும் சொல்வேன், ஏனென்றால் அதில் இரண்டு விதியும் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்தது. ஆர்மோனியப் பெட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ச ஒரு கட்டை. அதற்குப் பிறகு நான்கு கட்டை. அவற்றில் இரண்டு வேண்டும், ரி-க்கு ஒன்று, க-வுக்கு ஒன்று. பிறகு ம-வுக்கு இரண்டு கட்டையில் ஒன்று. ப நிலையானது. அதற்கு மேல் மறுபடி நான்கு கட்டையில் இரண்டு, த-வுக்கும் நி-க்கும்.

நான்கில் இரண்டு எத்தனை விதம்? 4 × 3 = 12 என்று எழுதி நிறுத்துங்கள். இரண்டு கட்டையைக் காட்டினால் எது ரி, எது க என்பதில் தேர்வே கிடையாது. தாழ்ந்தது ரி, உயர்ந்தது க. ஆக ஒவ்வொரு ஜோடியும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது; 12 ÷ 2 = 6. மேலேயும் அதே 6. ம-வுக்கு 2. பெருக்கினால் 6 × 2 × 6 = 72. கடைசியில் ஒரு ராகத்தின் ஏழு ஸ்வரத்தைச் சொல்லி வழி கேட்டால் ஒரே பதில்தான் வரும், வகுக்க ஒன்றுமில்லை. சங்கீதம் தெரிந்த பிள்ளை இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும். எனக்குப் பாடத் தெரியாது, அது வேறு.

அறுசுவைக் கணக்கும் நல்ல பயிற்சி. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு ஆறில் ஒன்றோ பலவோ கலந்தால் எத்தனை கலவை? தனித்தனியே 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நான்காக 15, ஐந்தாக 6, ஆறும் சேர்ந்து 1. கூட்டினால் 63. சுசுருத சம்ஹிதையில் சொல்லியிருக்கும் எண்ணும் இதுவே. இன்னொரு வழி: ஒவ்வொரு சுவைக்கும் "உண்டு" அல்லது "இல்லை" என்று இரண்டு முடிவு; 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்ற சப்பையான கலவையைக் கழித்தால் 63.

நான் கவிழ்ந்த இடம்

சில வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். 5 பெண்கள், 4 பையன்கள். மூன்று பேர் குழு வேண்டும், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்.

போர்டில் நானே மளமளவென்று போட்டேன். "ஒரு பெண்ணு கட்டாயம் வேணும், அத முதல்ல எடுத்துருவோம், 5 வழி. மிச்சம் 8 பேர், அதுல ரெண்டு பேர் யாரா இருந்தாலும் சரி, 28 வழி. 5 × 28 = 140." பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், ஒம்பது பேர்ல மூணு பேரே மொத்தம் 84 தான சார். அதுல 140 எப்படி வரும்?"

கையில் சாக்பீஸோடு நின்றேன். மொத்தத்தைவிடப் பகுதி பெரிதாக வந்திருக்கிறது. விடைத்தாளில் எழுதியிருந்தால் நானே பெரிய சுழி போட்டிருப்பேன்.

எங்கே பிசகியது? குழுவை நிறுத்திக் கேட்டால் தெரியும். ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் இருக்கும் குழுவுக்கு ஒரே வழி: அந்தப் பெண்ணை முதலில் எடுத்தோம். இரண்டு பெண்கள் இருந்தால் இரண்டு வழி, யாரைக் "கட்டாயப் பெண்" என்று எடுத்தோமோ அதைப் பொறுத்து. மூன்றும் பெண்கள் என்றால் மூன்று வழி. ஆளுக்கொரு பதில், வகுக்க முடியாது, முறையே தப்பு.

சரியான வழி இரண்டு. வகை பிரித்தால்: ஒரு பெண் 5 × 6 = 30, இரண்டு பெண்கள் 10 × 4 = 40, மூன்று பெண்கள் 10; மொத்தம் 80. கழித்தால்: மொத்தம் 84, பையன்கள் மட்டும் உள்ள குழு 4; 84 − 4 = 80. என் 140 எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம்: 30 × 1 + 40 × 2 + 10 × 3 = 140. தவறான விடையின் பிறப்பு வளர்ப்பு வரை தெரிந்த பிறகுதான் எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது என்பேன். அன்றைக்குப் பிறகு "குறைந்தது ஒன்று" என்ற சொல்லைப் பார்த்தாலே கை தானாகக் கழித்தல் பக்கம் போகிறது. செக்போஸ்ட் கேள்வி வகுப்புக்கு வந்ததும் அந்த வாரம்தான்.

ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்

கூட்டல் விதிக்கு வகைகள் மோதக்கூடாது என்றேன். மோதினால்? 40 பேர் வகுப்பில் 28 பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், 19 பேருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும், இரண்டும் தெரிந்தவர் 11 என்று வைத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர் எங்களுடையது, அதனால் கணக்கு அப்படியொன்றும் அதிசயமில்லை. ஏதேனும் ஒன்றாவது தெரிந்தவர் 28 + 19 = 47 என்றால் வகுப்பையே மிஞ்சிவிடுகிறது. இரண்டும் தெரிந்த 11 பேர் இரண்டு பட்டியலிலும் கைதூக்கிவிட்டார்கள். ஒரு தடவை கழித்தால் 47 − 11 = 36. இரண்டும் தெரியாதவர் 4.

மூன்று பட்டியல் என்றால் மூன்றையும் கூட்டி, இரண்டிரண்டில் பொதுவானவர்களைக் கழித்து, மூன்றிலும் பொதுவானவர்களை மறுபடி சேர்க்க வேண்டும். ஏன் மறுபடி சேர்ப்பது? மூன்றிலும் இருப்பவர் மூன்று தடவை கூட்டப்பட்டு, மூன்று தடவை கழிக்கப்பட்டு, ஆளே காணாமல் போயிருப்பார்.

பதின்மூன்று கண் பாலம்

தென்மலைக்குப் போகும் வழியில், கழுதுருட்டிப் பக்கம் ரோட்டை ஒட்டிப் பதின்மூன்று கண் பாலம் நிற்கிறது. மீட்டர் கேஜ் காலத்துக் கல் பாலம், பதின்மூன்று வளைவு. அகலப்பாதையான பிறகு 2018-இல் அதன்மேல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போனபோது மழை பிடித்துக்கொண்டது, எல்லாரும் வளைவுகளுக்கு அடியில் ஓடி ஒதுங்கினோம். பாடம் தானாக வந்து வாய்த்தது.

14 பேர் 13 வளைவுக்கடியில் ஒதுங்கினால் ஏதோ ஒரு வளைவில் இரண்டு பேராவது இருந்தே தீர வேண்டும். ஆளுக்கொன்று என்று பிரித்தாலும் பதின்மூன்றோடு வளைவு தீர்ந்துவிடும், பதினான்காவது ஆள் எங்கே போவார்? புறாக்கூட்டுத் தத்துவம் என்பது இவ்வளவுதான். 40 பேர் என்றால்? வளைவுக்கு மூன்று பேராக 39 பேர் அடங்குவார்கள், ஒருவர் மிஞ்சுவார். ஆக ஏதோ ஒரு வளைவில் குறைந்தது 4 பேர். எந்த வளைவு என்று இந்தத் தத்துவம் சொல்லாது. எல்லாரும் ஒரே வளைவில் நெருக்கியடித்து நிற்பதையும் அது தடுக்காது. அன்றைக்கு நாங்கள் நின்றது கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதைப் பயன்படுத்தும்போது எது ஆள், எது கூடு என்று முதலில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். 367 பேர் கூடினால் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் என்பதில் ஆள் 367, கூடு 366 தேதி, பிப்ரவரி 29 உட்பட.

கையோடு செய்ய ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி நின்றுபோனது; கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துகிறது. எல்லை தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது டிக்கெட் தட்டிதான். ஒரு குலுக்கலில் 12 தொடர், ஒவ்வொன்றிலும் 1,00,000 முதல் 9,99,999 வரை ஆறு இலக்க எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த டிக்கெட் எத்தனை? முதல் இலக்கத்துக்கு 9, மற்ற ஐந்துக்கும் பத்துப் பத்து; 9,00,000 × 12 = 1,08,00,000.

இப்போது கடைசி நான்கு இலக்கம் 4471 என்று முடியும் டிக்கெட்டுகள் எத்தனை? முன்னால் இரண்டு இலக்கம்தான் மிச்சம், 9 × 10 = 90; தொடர் 12; ஆக 1,080. ஒரு கோடியே எட்டு லட்சத்தில் 1,080 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. "111111 விழவே விழாது, அத வாங்காத" என்று டிக்கெட் தட்டிக்கு முன்னால் யோசனை சொல்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்கு இந்தப் பெருக்கலைக் காட்டிப் பாருங்கள். ஒரு தொடரில் எல்லா எண்ணுக்கும் ஒரு டிக்கெட்தான்.

இந்தக் கேள்விக்கும் விடை எழுதுங்கள்: அதே குலுக்கலில், எண்ணில் 7 ஒரு தடவையாவது வரும் டிக்கெட்டுகள் எத்தனை? முதலில் ஏழு நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கத் தோன்றும். 757123 என்ற டிக்கெட்டை செக்போஸ்டில் நிறுத்தி வழி கேட்டுவிட்டு, பிறகு தொடங்குங்கள். விடை 51,31,296 வர வேண்டும்.